பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பமானி ஏன் நகரவில்லை? கொடுத்த சூடு எங்கே போகிறது?

கேள்விக்குறி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் நானும் நேற்று ஒரு சோதனை செய்தோம். ஃப்ரீசரில் இருந்து எடுத்த 200 கிராம் பனிக்கட்டியைத் தூளாக்கிப் பாத்திரத்தில் போட்டு, அடுப்பை மிகச் சிறிய தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தோம். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தோம். −16 டிகிரியில் இருந்து மளமளவென்று ஏறியது. 0-க்கு வந்ததும் நின்றுவிட்டது. கடைசித் துண்டு கரைகிறவரை அங்கேயே நின்றது. அப்புறம் மறுபடி ஏறி, 100-க்குப் பக்கத்தில் போய் இன்னொரு முறை நின்றது. இந்த முறை இன்னும் நீண்ட நேரம்.

"அடுப்பு அணையவே இல்லையே அப்பா, அந்தச் சூடெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டாள். உள்ளுறை வெப்பம் என்று சொன்னேன். "அது பேருதானே, பதில் இல்லையே" என்றாள். அவள் சொன்னது சரி. எனக்கும் பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது விளக்க முடியுமா?

நீர்க்குமிழி

சுருக்கமாகச் சொன்னால், அந்தச் சூடு நிலை மாறுவதற்குச் செலவாகிறது. 0 டிகிரியில் இருக்கும் 1 கிராம் பனிக்கட்டியை 0 டிகிரி நீராக்க 334 ஜூல் வேண்டும். 100 டிகிரியில் இருக்கும் 1 கிராம் நீரை 100 டிகிரி நீராவியாக்க 2257 ஜூல் வேண்டும். இரண்டாவது தேக்கம் ஏன் நீண்டது என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில்.

பழைய வாத்தியார்

நீர்க்குமிழி கொடுத்த எண்கள் சரியானவை. ஆனால் குழந்தை கேட்டது எவ்வளவு என்று இல்லை, எங்கே என்று. முப்பது ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானி வெப்பத்தை அளப்பதில்லை. மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன, ஓடுகின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து, ஓர் ஒழுங்கான கூடு போல நிற்கிறது. −16-இல் இருந்து 0 வரை நீங்கள் கொடுத்த வெப்பம் அந்த இடத்திலேயே மூலக்கூறுகளை இன்னும் வேகமாக அதிர வைத்தது. அதனால் எண் ஏறியது. 0-க்கு வந்தபின் வருகிற வெப்பம் அதிர்வைக் கூட்டவில்லை, அந்தக் கூட்டைக் கலைக்கிறது. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பவற்றைப் பிரிக்க வேலை செய்ய வேண்டும் அல்லவா? கல்லைத் தரையில் இருந்து தூக்கி மேசைமேல் வைப்பது போல. கல் வேகமாக ஓடவில்லை, ஆனால் நீங்கள் செய்த வேலை அதன் நிலையில் இருக்கிறது. கீழே விழுந்தால் திரும்பி வரும். உருகிய நீரிலும் அப்படித்தான். அந்த 334 ஜூல் அழியவில்லை. மறுபடி உறையும்போது கடைசி ஜூல் வரை வெளியே வந்துவிடும்.

மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 0 டிகிரி பனிக்கட்டியிலும் 0 டிகிரி நீரிலும் மூலக்கூறுகளின் சராசரி வேகம் ஒன்றுதான். 100 டிகிரி நீருக்கும் 100 டிகிரி நீராவிக்கும்கூட அப்படியே. மாறுவது வேகம் இல்லை, அவற்றுக்கு இடையே இருக்கும் பிடிப்பு.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜோசப் பிளாக். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், 1760-களின் தொடக்கத்தில். அவர் செய்ததைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு எளிமை. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி. இன்னொன்றில் அதே எடையுள்ள நீர், ஆனால் உறைநிலைக்கு ஒரே ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி மேலே, 33-இல். இரண்டையும் 47 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் அரை மணி நேரத்தில் 40-க்கு வந்துவிட்டது. பனிக்கட்டி உருகி அதே 40-க்கு வர பத்தரை மணி நேரம் ஆனது. அதாவது 21 அரை மணிகள். ஒவ்வோர் அரை மணிக்கும் 7 டிகிரி அளவு வெப்பம் உள்ளே போனதென்றால் மொத்தம் 147. அதில் வெப்பமானியில் தெரிந்தது 8 மட்டும். மீதி 139 டிகிரிக்கான வெப்பம் எந்த முள்ளையும் அசைக்காமல் உள்ளே போய்விட்டது. இன்றைய கணக்கில் அது 144. அடுப்பே இல்லாமல், கூடத்துக் காற்றையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்! அவருக்கு முன்புவரை, உருகுநிலையைத் தொட்ட பனிக்கட்டிக்கு இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் போதும், மொத்தமும் உருகிவிடும் என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். அப்படி இருந்திருந்தால் மலைகளில் குவிந்த பனி முழுவதும் முதல் வெயிலில் ஒரே நேரத்தில் வெள்ளமாகப் பாய்ந்திருக்கும் என்று அவரே சுட்டிக்காட்டினார்.

சந்தேகி

ஐயா, நன்றாக விளக்கினீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பிணைப்பு உடைகிறது என்றால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறதா? இரண்டு, பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளியே வரும் என்றுதான் படித்த ஞாபகம். இங்கே உள்ளே போகிறது என்கிறீர்களே?

பழைய வாத்தியார்

நல்ல சந்தேகங்கள். வகுப்பில் வருடம் தவறாமல் யாராவது ஒருவர் கேட்பார்.

முதலாவது: பிரியவில்லை. மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் பிணைப்பு வேறு. அது மிக வலுவானது. அப்படி ஒரு பிணைப்பை உடைக்க மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் அளவு, நீரில் 18 கிராம்) 460 கிலோஜூல் அளவுக்கு வேண்டும். கொதிக்கும் நீர் முழுதாக ஆவியாகவே மோலுக்கு 40.7 கிலோஜூல்தான் ஆகிறது. எனவே நீராவி என்பது அதே நீர் மூலக்கூறுகள், தனித்தனியாக.

இரண்டாவது: எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுத்தாகத்தான் வேண்டும். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளியே வரும். விறகு எரியும்போது வெப்பம் வருவது, உடைவதற்குக் கொடுத்ததைவிடப் புதிதாக உருவானவை அதிகம் கொடுப்பதால். தேர்வுத்தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உருகும்போது எல்லாப் பிடிப்பும் விட்டுப்போவதில்லை. பனிக்கட்டியில் இருந்து நேராக ஆவிக்குப் போக 0 டிகிரியில் கிராமுக்கு ஏறக்குறைய 2834 ஜூல் தேவை. உருகுவதற்கு அதில் 334 மட்டும், எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது நீரிலும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் பிடி மாறிக்கொண்டே இருக்கிறது. ஆவியாகும்போதுதான் மொத்தமாகக் கைவிடுகின்றன. கூடவே 1 கிராம் நீர் 1.67 லிட்டர் ஆவியாக விரிகிறது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளி அந்த இடத்தைப் பிடிக்கவே 170 ஜூல் போய்விடும். அதுவும் 2257-க்குள் அடக்கம்.

கொதிகலன்

தொழிற்சாலையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்க்கிறேன். புத்தகத்தில் இருக்கிற 2257 எங்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட எண். அதனால் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிற பையன்கள், "கொதிநீரும் நூறு, ஆவியும் நூறு, ரெண்டும் ஒன்றுதானே" என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டுவேன். 1 கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37 டிகிரிக்கு வரும்போது 263 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். 1 கிராம் நீராவி பட்டால் முதலில் தோலின்மேல் நீராக மாறும். அதற்கே 2257 ஜூல் கொட்டிவிடும். அதன்பிறகுதான் அந்த நீர் குளிர்ந்து மேலும் 263 கொடுக்கும். மொத்தம் 2520. ஏறத்தாழ பத்து மடங்கு. வெப்பநிலையில் ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லாமல் பத்து மடங்கு!

அடுத்தது, கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புகை நீராவி இல்லை. அது ஏற்கெனவே குளிர்ந்து துளிகளாகிவிட்ட நீர். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. குழாய் கசிகிற இடத்தில் வெள்ளைப் புகைக்கும் துளைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் போலத் தெரியும் பாருங்கள், அந்த இடம்தான் ஆபத்து. வீட்டுக் குக்கரின் மூடியைத் திறக்கும்போதும் இதே விஷயம்தான். சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள்.

ஆவியை நாங்கள் ஏன் விரும்புகிறோம் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு கிலோ ஆவி மெல்லிய குழாய் வழியே போய், தேவைப்படும் இடத்தில் நீராக மாறி, சுமந்துவந்த சுமையை அங்கே இறக்கிவிடும். அதே வெப்பத்தைச் சுடுநீராக அனுப்ப வேண்டுமென்றால் பல மடங்கு எடை நீரை ஓடவிட வேண்டும்.

பழைய வாத்தியார்

கொதிகலன் அவர்கள் சொன்னது ஜேம்ஸ் வாட்டையே திகைக்க வைத்த விஷயம். அவர் அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்திப் பார்த்தபோது, அது தன் எடையைப்போல ஆறு மடங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. காரணம் புரியாமல் பிளாக்கிடம் போய்க் கேட்டார். அக்கால நீராவி இயந்திரத்தின் உருளையை, உள்ளே தண்டு நகரும் ஒவ்வொரு முறையும் குளிரவைத்து மறுபடி சூடாக்குவதில் எவ்வளவு ஆவி வீணாகிறது என்பது அவருக்கு உறைத்த காலமும் அதுதான். ஆவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் யோசனை 1765-இல் வந்தது.

சந்தேகி

மறுபடியும் நான்தான். உறையும்போது வெப்பம் வெளியே வரும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உறைய வைக்கக் குளிரத்தானே வைக்கிறோம்? வெப்பத்தை நாம் எடுக்கிறோம் என்று சொல்லுங்கள், சரி. ஆனால் நீர் தானாக வெளியே விடுகிறது என்றால் பக்கத்தில் இருப்பது சூடாக வேண்டுமே. உறைகிற நீரால் எதுவாவது சூடாகி யாராவது பார்த்திருக்கிறார்களா?

பனிமூட்டம்

பார்த்திருக்கிறார்கள், அதை நம்பித்தான் பழத்தோட்டங்களையே காப்பாற்றுகிறார்கள். வேளாண் வானிலை என் துறை, அதனால் இந்தக் கேள்விக்கு ஆசையோடு பதில் எழுதுகிறேன்.

குளிர்நாடுகளில் வசந்தத்தில் மரங்கள் பூத்தபின் சில இரவுகளில் திடீரென்று உறைபனி வரும். மொட்டுகள் கருகிவிடும். அப்போது தோட்டக்காரர்கள் தெளிப்பான்களைத் திறந்து மரங்களின்மேல் இரவு முழுக்க நீர் தெளிப்பார்கள். காலையில் மொட்டெல்லாம் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் பனிக்கட்டிக்குள் இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். காரணம், தெளித்த ஒவ்வொரு கிராம் நீரும் உறையும்போது 334 ஜூலை அந்த மொட்டின்மேல் விடுகிறது. நீர் உறைந்துகொண்டே இருக்கிற வரை மொட்டு 0-க்கு ஒட்டியே நிற்கும். சுற்றியுள்ள காற்று −4-க்குப் போனாலும் சரி. பனிக்கட்டி போர்வை போலக் காக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பனிக்கட்டி வெப்பத்தை நன்றாகவே கடத்திவிடும். காப்பது உறைதல்தான். அதனால்தான் நடுவில் நீரை நிறுத்தக் கூடாது, வெயில் வந்து பனிக்கட்டி உருகத் தொடங்கும்வரை தெளிக்க வேண்டும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. உலர்ந்த காற்று பலமாக வீசினால் தெளித்த நீரில் கொஞ்சம் ஆவியாகும். அந்தக் குளிரில் 1 கிராம் ஆவியாக ஏறக்குறைய 2500 ஜூல் தேவை. அது மொட்டில் இருந்தும் உறிஞ்சப்படும். ஒரு கிராம் ஆவியாவதை ஈடுகட்ட ஏழரை கிராம் நீர் உறைய வேண்டும். குறைவாகத் தெளித்தால் தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகக் கருகும். ஒரே நீர், ஒரே மொட்டு. எந்த நிலைமாற்றம் மேலோங்குகிறது என்பதில் அறுவடை அடங்கியிருக்கிறது.

இதெல்லாம் தோட்டக் கதை, நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி. சுத்தமான நீர் நிரப்பி மூடிய பாட்டிலை ஃப்ரீசரில் அசைக்காமல் வையுங்கள். பல முறை முயன்றால் ஒருமுறையாவது அது −8 போன்ற வெப்பநிலையிலும் உறையாமல் நீராகவே இருக்கும். வெளியே எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் ஊசி ஊசியாகப் பனி பரவும். உள்ளே வெப்பமானி இருந்தால் அது −8-இல் இருந்து 0-க்குத் துள்ளி ஏறும். யாரும் சூடாக்கவில்லை. உறைந்த பகுதி விட்ட வெப்பம்தான் மீதியைச் சூடாக்கியது. கணக்கும் பொருந்தும்: 8 டிகிரி ஏற்றக் கிராமுக்கு 33 ஜூல், அதாவது 334-இல் பத்தில் ஒன்று. அதனால் அந்த நொடியில் பாட்டிலில் பத்தில் ஒரு பங்குதான் உறையும். மீதி கூழாகவே இருக்கும்.

சந்தேகி

−8-இல் இருந்து 0-க்கு ஏறுவது என்னை மாற்றிவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டி வெப்பத்தை எடுத்தால்தான் நீர் உறைய முடியும், நீர் அதைக் கொடுத்தால்தான் பெட்டி எடுக்க முடியும். ஒரே நிகழ்ச்சியை நான் இரண்டாகப் பார்த்திருக்கிறேன்.

குளிர்பெட்டி

ஏசி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவன். ஒரு தகவல் மட்டும். ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, பலர் அது மெஷினின் எடை என்று நினைக்கிறார்கள். இயற்கைப் பனிக்கட்டியை வைத்துக் குளிரவைத்த காலத்தில் வந்த அளவு அது. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். 907-ஐ 334-ஆல் பெருக்கி 86400 நொடிகளால் வகுத்தால் 3.5 கிலோவாட் வரும்.

ஃப்ரிட்ஜ் வேலை செய்வதும் நீங்கள் பேசுகிற இதே விஷயத்தில்தான். உள்ளே குழாயில் திரவம் ஆவியாகி வெப்பத்தை எடுக்கும், பின்பக்கக் குழாயில் அதே ஆவி திரவமாகி வெப்பத்தை விடும். நீருக்குப் பதில் வேறு பொருள், அவ்வளவே.

நீர்க்குமிழி

ஒன்று எனக்கே தெளிவாகவில்லை. ஈரத்துணி 30 டிகிரியிலேயே காய்ந்துவிடுகிறது. கொதிக்காமலே ஆவியாகிறது. அப்போதும் 2257 தானா?

பழைய வாத்தியார்

இல்லை, இன்னும் அதிகம். 25 டிகிரியில் கிராமுக்கு 2442 ஜூல். குளிர்ந்த நீரில் பிடிப்பு சற்றே இறுக்கம், அதனால் விடுபட அதிகம் கொடுக்க வேண்டும். வெப்பநிலை ஏற ஏற இந்த எண் குறைந்துகொண்டே வந்து, 374 டிகிரியில், சுமார் 220 வளிமண்டல அழுத்தத்தில், பூச்சியமாகிவிடும். அதற்கு மேல் நீர் எது, ஆவி எது என்று பிரிக்கவே முடியாது.

அடுப்பு இல்லாதபோது வெப்பம் எங்கிருந்து வருகிறது? வேகமான மூலக்கூறுகள் மேற்பரப்பில் இருந்து தப்பிப் போகும். மெதுவானவை தங்கும். தங்கியவற்றின் சராசரி குறைவதால் துணி குளிரும், குளிர்ந்த துணி காற்றில் இருந்தும் உடலில் இருந்தும் வெப்பத்தை இழுக்கும். வியர்வை நம்மைக் காப்பது இப்படித்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 2.4 மெகாஜூல் போகும். அந்த வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே இருந்தால் 70 கிலோ உடலின் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். ஆனால் ஆவியாக வேண்டும், அது முக்கியம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக் கீழே விழும், குளிர்ச்சி தராது. புழுக்கமான நாளில் 34 டிகிரி வதைப்பதும், உலர்ந்த நாளில் 38 தாங்கக்கூடியதாக இருப்பதும் இதனால்.

வெளியில் இருந்து வெப்பம் வராதபடி செய்து வேகமாக ஆவியாக்கினால் நீர் தன் வெப்பத்தையே செலவழித்து உறைந்துவிடும். ஜான் லெஸ்லி 1810-இல் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் நீரை வைத்து, எழும் ஆவியைக் கந்தக அமிலத்தால் இழுத்துக்கொண்டு, பனிக்கட்டி செய்து காட்டினார். 0.01 டிகிரியில், 611.7 பாஸ்கல் அழுத்தத்தில், பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒரே கலத்தில் சேர்ந்து நிற்கும்.

கேள்விக்குறி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முழு இழையையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கல்லைத் தூக்கி மேசைமேல் வைப்பது அவளுக்குப் பிடித்துப்போனது. "அப்படின்னா நாமே அளந்துடலாமே" என்றாள். இன்று மாலை அளந்தோம்.

60 டிகிரியில் 200 கிராம் நீர், அதில் 100 கிராம் பனிக்கட்டி. பனிக்கட்டியை 0-க்கு வரும்வரை கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்தோம். முதலில் காகிதத்தில் கணக்கு. உருகுவதற்கு எதுவும் தேவைப்படாது என்றால் கலவை 40 டிகிரிக்கு வர வேண்டும். 334 உண்மை என்றால் 13.4-க்கு வர வேண்டும். கலந்தோம், கிளறினோம், கடைசித் துண்டு கரைந்தது. வெப்பமானி 15 காட்டியது. மகள் குதித்தாள். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கிராமுக்கு 313 ஜூல் வருகிறது. மீதி 21 எங்கே என்று இப்போது கேட்கிறாள்.

பழைய வாத்தியார்

313! எவ்வளவு நல்ல அளவீடு! குழந்தைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

மீதிக்குப் பெரிய காரணம், வெளியே வைத்திருந்தபோது பனிக்கட்டியின்மேல் கொஞ்சம் உருகி நீராகியிருக்கும். 100 கிராம் என்று எடைபோட்டதில் 4, 5 கிராம் ஏற்கெனவே நீர். அதற்கு உருகும் வெப்பம் தேவைப்படவில்லை. பாத்திரமும் 60 டிகிரியில் இருந்திருக்கும், அதுவும் தன் பங்கைக் கொடுத்திருக்கும். கலப்பதற்குச் சற்று முன் துணியால் பனிக்கட்டியை நன்றாகத் துடைத்துவிட்டு எடைபோடுங்கள். மெல்லிய பாத்திரமாக எடுங்கள்.

கேள்விக்குறி

துடைத்துவிட்டு மறுபடி செய்தோம். 14 டிகிரி. 326 வருகிறது. நாளைக்கு 20 டிகிரி நீர் கொதிக்க ஆகும் நேரத்தையும், அதே தீயில் அது முழுதாக வற்ற ஆகும் நேரத்தையும் குறித்துப் பார்க்கப் போகிறோம். கிட்டத்தட்ட ஏழு மடங்கு வர வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

கொதிகலன்

முழுதாக வற்றவிட வேண்டாம், பாத்திரம் கருகும். பாதி வற்றியதும் எடைபோட்டு, எத்தனை கிராம் போனது என்று பாருங்கள். மூடி போடாதீர்கள். அப்புறம், ஆவியின்மேல் கை போகாமல் குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.